மஞ்சள் அட்டை: ஒரு பஞ்சாபிச் சாப்பாட்டுக் கடையின் நிகழ்வு ஆய்வு

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் மஞ்சள் அட்டை ஏறியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், ஃப்ரீமான்ட்டுக்கும் ஹேவர்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் சலவைக்கடையும் மறுபக்கம் பல் டாக்டரும் இருக்கும் வரிசையில் உள்ள சின்னக் கடை. எட்டு மேசை. உள்ளே நுழைந்ததும் இனிப்புக் கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் கல்லா, அதற்கும் பின்னால் ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பு. பெயர்ப் பலகையில் 'பஞ்சாபிச் சாப்பாடு, இந்திய இனிப்புகள்' என்று இருக்கும். நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளியில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று பிறகு எனக்குத் தோன்றியது.

இந்தப் பக்கத்துக் கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) சிலவற்றில் சுகாதார ஆய்வு முடிந்ததும் வாசலில் ஒரு வண்ண அட்டை ஒட்டுவார்கள். பச்சை என்றால் தேறியாயிற்று. சிவப்பு என்றால் கடையை மூட வேண்டும். மஞ்சள் நடுவாந்தரம்: பெரிய குற்றங்கள் கண்டோம், எங்கள் முன்னிலையிலேயே சரிசெய்தார்கள், மறுபடி வந்து பார்ப்போம் என்று பொருள். மறு ஆய்வு வரை கடைக்காரர் அதைக் கழற்றவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

எனக்கும் இந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி ஒரு பால் பவுடர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் வழியில் சோலே பட்டூரா சாப்பிடும் வாடிக்கையாளன், அவ்வளவுதான். கடைக்காரரைப் பாஜி என்று கூப்பிடுவேன். அவர் என்னை வீர்ஜி என்பார். பஞ்சாபியில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி அழைப்பு. அந்த வெள்ளிக்கிழமை நான் தட்டைக் கையில் எடுப்பதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "வீர்ஜி, நீங்க இந்த டிகிரி கணக்கு தெரிஞ்சவர்தானே? நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் ஃபிரிட்ஜுலதானே வெச்சேன்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. விடை அதில்தான் இருந்தது.

ஆய்வாளர் கண்டது

அறிக்கையில் மூன்று குற்றங்கள். முதலாவது, தால் மக்கனி என்ற வெண்ணெய் சேர்த்த கெட்டிப் பருப்பு. முந்தைய இரவு 11:30 மணிக்கு வாக்-இன் என்கிற, ஆள் உள்ளே நடந்து போகக்கூடிய குளிரறைக்குள் வைத்த அண்டா. காலை 10:30க்கு அதன் நடுவில் தெர்மாமீட்டரை இறக்கியபோது 88 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 31 செல்சியஸ். பதினொரு மணி நேரம் குளிரறைக்குள் இருந்த தால், சென்னை வெயிலில் வைத்த தண்ணீர் மாதிரி இருந்திருக்கிறது. இரண்டாவது, அதே அறைக்குள் இருந்த பனீர். 41 டிகிரிக்குள் இருக்க வேண்டியது 47-ல் இருந்தது. மூன்றாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் தட்டில் அடுக்கி வைத்திருந்த கலாகந்து என்ற ஈரமான பால் இனிப்பு, 72 டிகிரியில், திறந்த வெளியில்.

தாலை ஆய்வாளர் முன்னாலேயே கொட்டினார்கள். பாஜிக்கு அது பொருள் நஷ்டமாகப் படவில்லை. அவருடைய அம்மா, எல்லோரும் பீஜி என்று அழைக்கும் எழுபது கடந்தவர், சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உணவைக் குப்பையில் கொட்டுவதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அன்று மாலை அவர் கடைக்கு வரவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதையும் இங்கே வைத்துவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் கெடக்கூடிய உணவைச் சூடாக வைப்பதென்றால் 135 டிகிரிக்கு மேல், குளிர வைப்பதென்றால் 41-க்குக் கீழ். செல்சியஸில் 57-ம் 5-ம். நடுவில் இருப்பது ஆபத்து மண்டலம். சமைத்ததை ஆற வைக்கும்போது அந்த மண்டலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும், ஆனால் கெடு உண்டு: 135-லிருந்து 70-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 41-க்கு. பாஜியின் தால் விடியற்காலை 5:30க்கு 41-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

இரண்டு தொழில்

அளவுகளுக்குள் போவதற்கு முன்னால் அந்தச் சமையலறையில் யார் யார் நின்றார்கள் என்று சொல்ல வேண்டும்.

பாஜி ஹோஷியார்பூர் மாவட்டத்துக்காரர். பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் போனபின் கடை போட்டவர். அவருக்குச் சமைக்கத் தெரியாது, சாப்பிடத் தெரியும். கறி, தால், குல்ச்சா எல்லாம் பீஜியின் கணக்கு. தந்தூரில் நிற்பவர் மெக்சிகோவின் மிச்சோவாகான்காரர். ரொட்டியைத் தந்தூர்ச் சுவரில் அவர் அறைகிற வேகத்தைப் பார்த்தால் அம்ரித்சரில் பிறந்தவர் என்றுதான் நினைப்பீர்கள். இது இங்கே புதுசும் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் வயல் வேலைக்கு வந்த பஞ்சாபிகள் பலர், ஊரிலிருந்து பெண் அழைத்துவரச் சட்டம் இடம் கொடுக்காததால், மெக்சிகோப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். யூபா சிட்டியில் அப்படி ஒரு குடும்பம் 1954 முதல் 1993 வரை நடத்திய ரசூல்ஸ் எல் ராஞ்செரோ என்ற உணவகத்தில் ரொட்டிக்குள் சீஸை வைத்துக் கேசடியா என்ற மெக்சிகோப் பலகாரம் போட்டார்கள். ஸ்டாக்டனில் சீக்கியர்களின் குருத்வாரா 1912-ல் வந்தது. இவ்வளவு பழைய உறவு அது.

இனிப்புக்கு வேறு ஆள். ஹல்வாயி, மதுரா பக்கத்துக்காரர். மீனாட்சி மதுரை இல்லை, கிருஷ்ணன் மதுரா. ஹல்வாயி தொழில் தனித் தொழில். தாபா என்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடையின் சமையல்காரரும் ஹல்வாயியும் ஒரே அடுப்பில் நின்றாலும் ஒருவர் கரண்டியை மற்றவர் தொட மாட்டார். நம் ஊரிலும் கல்யாணச் சமையலில் பட்சணம் போடுபவர் தனிக்கட்டுதானே, அதே மாதிரி. பஞ்சாபிலேயே இது பெரும்பாலும் இரண்டு கடை. தாபாவில் தாலும் ரொட்டியும், தெரு முனையில் மிட்டாய்க்கடை. கடல் தாண்டி வந்தபோது வாடகையும் லைசென்சும் இரண்டையும் ஒரே கூரைக்குள் தள்ளிவிட்டன. ரசகுல்லா வங்காளத்துச் சரக்கு, மைசூர் பாகு மைசூருடையது, ஜிலேபியின் பூர்வீகம் பாரசீகம் வரை போகும். ஆனால் புலம்பெயர்ந்த கண்ணுக்கு எல்லாம் 'இந்திய இனிப்பு', எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டி.

கூரை ஒன்றானதில் தப்பில்லை. வாக்-இன்னும் ஒன்றாகிவிட்டது. எட்டடிக்குப் பத்தடி அறை.

இரண்டு நாள் வரைபடம்

சனிக்கிழமை ஆலையிலிருந்து மூன்று டேட்டா லாகர்களை இரவல் வாங்கி வந்தேன். தீப்பெட்டி அளவுக் கருவி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். ஒன்றை வாக்-இன் கதவோரம், ஒன்றைப் பின் சுவரில் விசிறிக்குக் கீழே, ஒன்றைப் பனீர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தால் அண்டாவில் தனியாக ஒரு கம்பி. யாரும் எதையும் மாற்றக் கூடாது, வழக்கம்போல வேலை நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாஜிக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆய்வு வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார். ஆனால் தெரியாத காரணத்துக்கு வைத்தியம் பார்த்தால் அடுத்த வருடமும் இதே அட்டைதான். அந்த இரண்டு நாளும் இரவு உள்ளே வைக்கிற தாலை மறுநாள் விற்பதில்லை என்று மட்டும் பேச்சு.

திங்கட்கிழமை வரைபடம் வந்தபோது அதில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு மேடு. மதியம் 2 மணிக்குத் தொடங்கி 6 மணி வரை ஒரு மேடு. இரவு 11:30க்கு ஒன்று. நடுவே எப்போதுமே 41-க்குக் கீழே முழுசாக இறங்கவில்லை.

இரவு மேடு தால் அண்டா. அதில் புதிர் இல்லை. மதிய மேடுதான் கேள்வி. மதியம் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் ஹல்வாயி வேலையைத் தொடங்குவார். தீபாவளி வாரம் என்பதால் பர்பி, பேசன் பர்பி (கடலை மாவில் செய்வது), பின்னி (நெய்யில் வறுத்த மாவு உருண்டை), லட்டு, கலாகந்து என்று டிரே மேல் டிரே. கிளறி ஊற்றிய சூட்டோடு டிரேக்களை நேராக வாக்-இன்னுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தெட்டு டிரே. பின் சுவர் விசிறிக்கு முன்னால் டிரேக்கள் கூரை வரை. காற்று போக வழியே இல்லை. சூடான இனிப்பிலிருந்து எழுந்த ஆவி குளிர்ச் சுருளில் போய்ப் பனியாக உறைந்து வெள்ளைத் தாடி மாதிரி தொங்கியது. சுருளில் பனி பிடித்தால் காற்றோட்டம் குறையும், காற்றோட்டம் குறைந்தால் குளிர் குறையும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும்.

வாக்-இன் என்பது குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கக் கட்டிய அறை. சூடானதைக் குளிர்விக்கக் கட்டியது இல்லை. அதற்குத் தனி யந்திரம் உண்டு, விலை எட்டாது. இதை எத்தனை சமையலறைகளில் சொல்லியும் யாரும் நம்புவதில்லை. கதவு மேல் 38 என்று எண் ஒளிர்ந்தால் உள்ளே போவதெல்லாம் 38 ஆகிவிடும் என்றுதான் எண்ணம்.

ஏன் எல்லாம் உள்ளே போயின?

ஹல்வாயியிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பத்து மாதக் கோபம் இருந்தது.

"நானா வெச்சேன்? என் வாழ்க்கையில பேசன் பர்பியை ஐஸ் பெட்டியில வெச்சதே இல்ல. நெய் உறைஞ்சு மெழுகாயிடும். வெளிய எடுத்தா வேர்க்கும். வேர்த்தா பூசணம். முதலாளியைக் கேளுங்க."

நடந்தது இதுதான். அதே வருடத் தொடக்கத்தில் வந்த வேறொரு ஆய்வாளர், கண்ணாடிப் பெட்டியில் இருந்த ரசமலாயைக் காட்டி, பால் இனிப்பெல்லாம் குளிரில் இருக்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிப் போயிருக்கிறார். சொன்னது சரி. பாஜி பயந்துபோய் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்: இனிப்பு என்று பெயர் இருக்கிற எல்லாம் உள்ளே. சாதாரண வாரங்களில் பத்துப் பன்னிரண்டு டிரேதான், வாக்-இன் தாங்கிக்கொண்டது. தீபாவளியில் முப்பத்தெட்டு ஆனபோது தாங்கவில்லை. இந்தப் பருவத்தில் கூட்டம் இரட்டிப்பு. தீபாவளி அன்றைக்கே சீக்கியர்களுக்குப் பந்தி சோர் திவஸ், குரு ஹர்கோபிந்த் குவாலியர்க் கோட்டைச் சிறையிலிருந்து ஐம்பத்திரண்டு சிற்றரசர்களையும் விடுவித்துக்கொண்டு வந்த நாள். அதை ஒட்டி நவம்பர் முதல் ஞாயிறு யூபா சிட்டியில் நகர் கீர்த்தன் என்ற சீக்கிய ஊர்வலம். எல்லாவற்றுக்கும் பெட்டி பெட்டியாக இனிப்பு.

இடம் இல்லாமல் போனதும் கலாகந்து டிரே ஒன்று வெளியே வந்து கல்லாப் பக்கம் உட்கார்ந்தது. உள்ளே இருந்தே ஆக வேண்டியது வெளியே. வெளியே இருந்திருக்கக்கூடிய பேசன் பர்பி உள்ளே. அதன் சூட்டில் பனீர் 47. அது அடைத்துக்கொண்ட காற்றில் தால் 88. அறிக்கையில் மூன்று குற்றங்களாக எழுதியிருந்தது உண்மையில் ஒரே குற்றம் என்றுதான் முதலில் தோன்றியது.

இனிப்பு எது கெடும், எது கெடாது என்பதை ஹல்வாயிகள் தலைமுறையாக விரலால் அறிவார்கள். அதற்கு ஆலையில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் வாட்டர் ஆக்டிவிட்டி. உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது இல்லை, கிருமிக்குக் கிடைக்கக்கூடிய நீர் எவ்வளவு என்பது. சர்க்கரை தண்ணீரைக் கட்டிப் போட்டுவிடும். கட்டிப் போட்ட நீரைக் கிருமியால் குடிக்க முடியாது. சுத்தத் தண்ணீர் 1 என்றால், 0.85-க்குக் கீழே போன உணவைக் கலிஃபோர்னியா விதி கெடக்கூடிய உணவாகக் கருதுவதில்லை, வெளியே வைக்கலாம். நம் வீடுகளில் திரட்டுப்பாலைச் சுண்டச் சுண்டக் கிளறி டப்பாவில் போட்டு வைப்பதும் இதே கணக்குதான்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் உதிரி இனிப்புகளுக்கும் எதுவரை உண்ணலாம் என்ற தேதியைக் கடையில் காட்டச் சொன்னது. அதற்கு அவர்கள் கொடுத்த வழிகாட்டலைப் பார்த்தால் ஹல்வாயியின் விரல் பேசுவது தெரியும். கலாகந்துக்கு ஒரே நாள். ரசகுல்லா, ரசமலாய் வகைக்கு இரண்டு நாள். பேடா, சாதா பர்பி போன்ற கோவா இனிப்புகளுக்கு நான்கு நாள். நெய்யும் முந்திரி பாதாமும் சேர்ந்தவைக்கு ஏழு. கடலை மாவு லட்டு, கோதுமை மாவு லட்டு வகைக்கு முப்பது நாள் வரை. ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாளும் முப்பது நாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதற்கெல்லாம் சேர்த்து 'எல்லாம் உள்ளே' என்று ஒரே உத்தரவு.

ஐந்து இனிப்பை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். பேசன் பர்பி, பின்னி, லட்டு மூன்றும் 0.85-க்கு நன்றாகவே கீழே. கலாகந்து எதிர்பார்த்தபடி மேலே. சண்டை வந்தது சாதாக் கோவா பர்பியில். கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றது.

"என் பர்பியா?" என்றார் ஹல்வாயி. தன் பேரனைப் பரீட்சையில் தோற்கடித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சுண்டக் கிளறினால் கோட்டுக்குக் கீழே போகுமே என்றேன். போகும், பல் போகும் என்றார். அவர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. இந்த ஊரில் பாலைக் காய்ச்சிக் கோவா எடுப்பதில்லை. பத்து லிட்டர் பசும்பாலைக் கிளறினால் தோராயமாக இரண்டு கிலோ கோவா வரும். அதற்கு ஆகும் கூலியும் எரிவாயுவும் பர்பி விலையில் அடங்காது. எருமைப்பாலும் இல்லை. ஆகவே பால் பவுடர், கிரீம், வெண்ணெய் சேர்த்துக் கிளறும் கோவா. கலிஃபோர்னியா 1993 முதல் அமெரிக்காவிலேயே அதிகம் பால் தரும் மாநிலம், பவுடருக்குப் பஞ்சமில்லை. நான் வேலை செய்யும் ஆலையின் மூட்டைகூட ஒரு நாள் அந்த அலமாரியில் கண்ணில் பட்டது. பவுடர் கோவாவில் மென்மை வேண்டுமென்றால் கொஞ்சம் ஈரம் விட்டுவைக்க வேண்டும். அந்த ஈரம்தான் கோட்டைத் தாண்டியது.

தால் ஏன் ஆறவில்லை

இந்த ஆய்வில் எனக்கு அதிகம் ஆர்வம் தந்த இடம் இதுதான். இனிப்பு இடத்தை அடைத்தது உண்மை. ஆனால் காலி வாக்-இன்னாக இருந்திருந்தாலும் அந்த அண்டா தேறியிருக்காது.

அறுபது குவார்ட் (ஏறத்தாழ 57 லிட்டர்) அண்டா, பதினான்கு அங்குல ஆழம். முழு உளுந்தும் ராஜ்மாவும் வெண்ணெயும் கிரீமும் சேர்ந்து குழம்பு கெட்டியானபின் உள்ளே ஓட்டம் நின்றுவிடும். நடுவில் இருக்கும் சூடு வெளிச்சுவரை அடைய மெல்ல மெல்ல ஊர்ந்துதான் வர வேண்டும். தடிமனைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் ஏறத்தாழக் கால் பங்காகும். அப்படியானால் இரண்டு அங்குல டிரேயில் ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வேகவைத்த பருப்பில் எல்லாக் கிருமியும் செத்திருக்காதா என்று பாஜி கேட்டார். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி ஒன்று இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். கொதித்து, பிறகு மெல்ல ஆறும் பெரிய அண்டாதான் அதற்குச் சொர்க்கம். மற்ற கிருமிகள் செத்துப்போனதால் போட்டியில்லை, சூட்டில் காற்றும் வெளியேறிவிட்டது. உகந்த வெதுவெதுப்பில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டால் அதில் பெரும்பகுதி சாகும். அதை மறந்து வெறுமனே வெதுவெதுப்பாக்கிப் பரிமாறினால் மறுநாள் பத்து வீட்டில் வயிற்றுவலி. இனிப்பில் வரும் ஆபத்து வேறு ரகம். கையால் உருட்டும்போது போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஈரமான பால் இனிப்பில் பெருகி நஞ்சை விட்டுவிட்டால், மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

செவ்வாய்க்கிழமை பீஜி கடைக்கு வந்தார். நான் சொன்னதையெல்லாம் பாஜி பஞ்சாபியில் அவரிடம் சொல்ல, அவர் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அதை பாஜி மொழிபெயர்க்கவே யோசித்தார். "எங்க ஊர்ல தாலை யாரு ஆற வெச்சா?"

உண்மைதான். ஊர்த் தாபாவில் இரவு வியாபாரம் முடிந்ததும் தந்தூர்க் கரி அணையும் சூட்டில் தால் பானையை ஏற்றிவிட்டுப் போவார்கள். விடிய விடிய முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க வெந்தால்தான் தால் என்று சொல்வது ருசிக்காக என்று நாம் நினைக்கிறோம். ருசிக்காகவும்தான். ஆனால் விதியின் மொழியில் சொன்னால் அது 135 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருத்தல். ஆபத்து மண்டலத்துக்குள் அந்தப் பானை இறங்கியதே இல்லை. இங்கே எரிவாயுத் தந்தூர். இரவு ஆளில்லாத கடையில் அடுப்பு எரியவிட முடியாது, தீ ஆபத்து, காப்பீட்டுக்காரர்களும் விட மாட்டார்கள். பூட்டும்போது அணைத்தாக வேண்டும். ஆக, பழைய முறையின் அண்டா மட்டும் வந்துவிட்டது, அதன் அடியில் இருந்த நெருப்பு வரவில்லை. பாதிப் பழக்கம்தான் முழுத் தப்பாகப் போயிற்று.

சமையல் பழக்கத்துக்காகச் சட்டத்தை வளைத்த கதை இந்த மாநிலத்தில் உண்டு. அறைச் சூட்டில் தொங்கவிடும் பீக்கிங் வாத்துக்கு 1982-ல் தனிச் சட்டம் போட்டார்கள். கொரிய அரிசிக் கேக்குக்கு 2001-ல். தாலுக்கும் கலாகந்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. அறிவியல்படி பார்த்தால் கொடுக்கவும் கூடாது என்பது என் கட்சி. ஹல்வாயி ஒத்துக்கொள்ள மாட்டார்.

என்ன மாற்றினார்கள்

தாலை மாலை ஏழு மணிக்கு ஏற்றுவதற்குப் பதில் மதியம் பன்னிரண்டுக்கே ஏற்றினார்கள். இரவு ஒன்பதுக்கு, ஆள் இருக்கும்போதே இறக்கி, இரண்டு அங்குல ஸ்டீல் டிரேக்களில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஐஸ் நிரப்பி அதில் மிதக்கவிட்டார்கள். முதல் இரவு நான் கூட நின்றேன். ஒன்றரை மணி நேரத்தில் 70-க்குக் கீழே. அதன்பின் மூடாமல் வாக்-இன்னில், முழுக்கக் குளிர்ந்ததும் மூடி. தந்தூர்க்காரருக்குத்தான் தெர்மாமீட்டர் பொறுப்பு, அவர்தான் கடைசியில் பூட்டுபவர். குறிப்பேட்டின் தலைப்பை ஸ்பானிஷிலும் குர்முகியிலும் அடித்துக் கொடுத்தேன்.

பேசன் பர்பி, பின்னி, லட்டு வெளியே வந்தன. சாப்பாட்டு அறையில் இரண்டு மேசையைத் தீபாவளி முடியும் வரை எடுத்துவிட்டு அங்கே மூடிய அலமாரி வைத்தார்கள். எட்டு மேசையில் இரண்டு என்பது கால் பங்கு. பாஜிக்கு மனம் ஒப்பவேயில்லை. முப்பத்தெட்டு டிரேயில் வாக்-இன்னுக்குள் மிஞ்சியவை பதினொன்று. சுருளில் இருந்த பனியை உருக்கி எடுத்தார்கள். மறுநாள் வரைபடத்தில் மதிய மேடு காணாமல் போய், இரவு மேடு சின்னப் புடைப்பாகச் சுருங்கியது. குலாப் ஜாமூனுக்கு இடம் தேடத் தேவையிருக்கவில்லை. அதை எப்படியும் சூடாகத்தான் கேட்கிறார்கள், 135-க்கு மேல் வைத்துவிட்டால் முடிந்தது.

மறு ஆய்வுக்கு வந்தவர் குறிப்பேட்டையும் சோதனைக்கூடத் தாளையும் ரொம்ப நேரம் படித்தார். அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டார். பச்சை அட்டை கிடைத்தது, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்.

அதற்குள் ஆக வேண்டிய நஷ்டம் ஆகிவிட்டது. பக்கத்துப் பஞ்சாபிப் பெரியவர்கள் மஞ்சள் அட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை, அவர்கள் சமோசா தின்றுகொண்டுதான் இருந்தார்கள். வராமல் போனவை அலுவலக ஆர்டர்கள். மென்பொருள் நிறுவனங்களின் தீபாவளிப் பெட்டிகளை யாரோ ஒருவர் அட்டையைப் படமெடுத்து அனுப்பியதும் வரிசையாக ரத்து செய்தார்கள். அந்தப் பெட்டிகளில் போக இருந்தது பெரும்பாலும் பேசன் பர்பியும் லட்டும்தான், கடையிலேயே மிகப் பாதுகாப்பான சரக்கு. முப்பத்தெட்டு டிரே ஏறியதும் அந்த ஆர்டர்களுக்காகத்தான்.

கோவா பர்பி மட்டும் இன்னும் தீரவில்லை. கண்ணாடிப் பெட்டியின் குளிர்ப் பக்கத்தில் இருக்கிறது, வாங்கி உடனே வாயில் போட்டால் மெழுகு கடிப்பதுபோல் இருக்கும். விற்பனை முன்போல் இல்லை. ஹல்வாயி கிளறும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று தடவை மாதிரி அனுப்பினார். மூன்றாவது 0.85-க்குக் கீழே போனது. அவரே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இது பர்பி இல்லை என்று சொல்லி டிரேயைத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது பர்பிப் பெட்டியின் மூடியில் ஒரு ஸ்டிக்கர், அவர் கேட்டு அடித்தது: 'குளிரில் வைக்கவும். சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைக்கவும்.' ஆங்கிலம், இந்தி, பஞ்சாபி மூன்றிலும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பெட்டி வாங்கியபோது ஸ்டிக்கரைக் காட்டி, "அரை மணி, ஞாபகம் இருக்கட்டும்" என்று வாயாலும் சொல்லி அனுப்பினார்.